கையில் ஒன்று, காலடியில் ஒன்று: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாளை ஓட்டுவது எப்படி

மூன்று வயதுக்கு உட்பட்ட நடக்கும் பிள்ளை ஒன்று, ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை ஒன்று. இந்த இரண்டையும் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா, அப்பா, பாட்டி, யாராக இருந்தாலும் சரி.

இப்படிப்பட்ட வீட்டில் மணி போட்டு எழுதிய அட்டவணை நிற்காது. ஆனால் நாள் எங்கெங்கே கைமீறிப் போகிறது என்று கவனித்தால், திரும்பத் திரும்ப அதே இடங்கள்தான்: பால் கொடுக்க உட்காரும் நேரம், தூங்க வைக்கும் நேரம், குளியல், சாயங்காலம். அந்த நேரங்களில் கைக்குழந்தைக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மூத்தது அப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்பதைத்தான் நாம் யோசித்து வைப்பதில்லை. யோசித்து வைத்தால் பாதி ரகளை வராது. கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

படி 1: விட்டுவிட்டு நகரக்கூடிய இரண்டு இடங்கள்

அடுப்பில் ஏதோ பொங்கும், வாசலில் மணி அடிக்கும், மூத்தது கழிப்பறையிலிருந்து கூப்பிடும். அந்த நொடியில் கைக்குழந்தையை எங்கே கிடத்துவது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. இடம் முன்பே தயாராக இருக்க வேண்டும். கம்பித் தடுப்பு வைத்த குழந்தைக் கட்டில் போதும். உறுதியான, சமமான மெத்தை, இறுக்கமாகப் போட்ட விரிப்பு, அவ்வளவுதான். தலையணை, போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். பெரியவர்களின் கட்டிலும் சோபாவும் இதற்கு ஆகாது. மூன்று நான்கு மாதத்தில் குழந்தை ஒருநாள் புரளும். அதற்கு முந்தைய நாள் சொல்லிவிட்டுப் புரளாது.

மூத்ததுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும். ஐந்து நிமிடம் கண்ணை எடுத்தாலும் ஒன்றும் ஆகாத ஒரு அறை, அல்லது கேட் போட்ட ஒரு மூலை. அலமாரி சுவரோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிளக் துளைகள் மூடியிருக்க வேண்டும். மருந்தும் சோப்புத்தூளும் அங்கே இருக்கவே கூடாது. மூத்ததைத் தண்டனையாக அங்கே அனுப்பாதீர்கள். விருப்பமான பொம்மைகள் அங்கேதான் இருக்கட்டும்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: பாசம். இரண்டு வயதுப் பிள்ளை தம்பிக்கு ஊட்டிவிடும். தன் கையில் இருப்பதைத்தான் ஊட்டும். கொட்டையாக இருக்கலாம், பொம்மையிலிருந்து கழன்ற சக்கரமாக இருக்கலாம். மூன்று வயதுக்குக் கீழானவர்களின் பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் விட்டம் சுமார் 3.2 செ.மீ. வீட்டில் அந்த அளவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது, டிஷ்யூ சுற்றிவரும் காலி அட்டைக் குழல். அதற்குள் நுழையும் எதுவும் கைக்குழந்தை கிடக்கும் அறையில் தரையில் இருக்கக் கூடாது. பட்டன் பேட்டரி எல்லாவற்றையும்விட மோசம். தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகமே போதும், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, எடை பார்க்கும் கருவி என்று பேட்டரி மூடி திருகாணி இல்லாமல் திறக்கும் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் சூடான டம்ளரும் இதில் சேர்த்திதான். ஊற்றி 15 நிமிடம் ஆன பானம்கூடக் குழந்தையின் தோலைப் பொசுக்கும். மடியில் ஒன்று, இழுத்துவிட இன்னொன்று என்று இருக்கும்போது சூடாக எதையும் கையில் எடுக்க வேண்டாம்.

படி 2: இரண்டும் ஒரே நேரத்தில் அழும்போது

பதற்றத்தில் கை தானாகச் சின்னதை நோக்கித்தான் போகும். அங்கே ஒரு நொடி நில்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது யாருக்கு ஆபத்து என்பது. நாற்காலி மேல் நிற்பவர், வாயில் ஏதோ போட்டுக்கொண்டவர், அடிபட்டவர், அவருக்குத்தான் முதலிடம். ஆபத்து இல்லையென்றால், யாருடைய வேலை ஒரு நிமிடத்தில் முடியும் என்று பாருங்கள். பெரும்பாலும் அது மூத்ததாகத்தான் இருக்கும். சட்டையைத் தலைவழியாக மாட்டிவிடுவது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, மடியில் வைத்து ஒருமுறை இறுக்கிக்கொள்வது. வயிறு நிறைந்து, டயப்பர் மாற்றி, கட்டிலில் மல்லாந்து கிடக்கும் குழந்தை இரண்டு நிமிடம் அழுவதால் ஒன்றும் கெட்டுவிடாது. பசித்த பச்சைக்குழந்தை மட்டும் விதிவிலக்கு.

இதோடு ஒரு சின்னத் தந்திரம் சேர்த்தால் பலன் இரட்டிப்பு. மூத்தது காதில் விழும்படி சின்னதிடம் சொல்லுங்கள்: "பாப்பா, கொஞ்சம் பொறு. அக்காவுக்குச் சட்டை போட்டுவிட்டுட்டு வர்றேன்." நாள் முழுக்க "பொறு, பொறு" என்று கேட்டே பழகிய பிள்ளைக்கு, பொறுக்கச் சொல்லி இன்னொருவருக்கும் உத்தரவு போகிறது என்பது பெரிய ஆறுதல். அதே காரணத்தால், முடியாது என்று சொல்லும்போதெல்லாம் சின்னதைக் காரணம் காட்டாதீர்கள். "பாப்பா தூங்குது, கத்தாதே", "பாப்பாவால இப்ப வெளிய போக முடியாது" என்றே கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பாப்பாமேல் யாருக்குத்தான் கோபம் வராது? "என் கை ரெண்டும் வேலையா இருக்கு, முடிச்சதும் வர்றேன்" என்று சொன்னாலும் அதே வேலை நடக்கும்.

படி 3: பால் கொடுக்கும் நேரம்

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். ஒரு தடவைக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே நாளில் நான்கு மணி நேரம் வரை நீங்கள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது மூத்ததுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரைக் கொட்டுவதும் சுவரில் கிறுக்குவதும் சரியாக அப்போதுதான் நடக்கும். குறும்பு என்பதைவிட, உங்களை எழுப்பிப் பார்க்கும் சோதனை அது. ஆகவே உட்காருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும்.

முதலில், குழந்தை வீறிட்டு அழும்வரை விடாதீர்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடுவது, கைமுஷ்டியை வாயில் வைப்பது, உதட்டைச் சப்புவது, இவைதான் பசியின் அடையாளங்கள். அழுகை கடைசியில் வருவது. இந்த அடையாளங்களைப் பார்த்ததும் உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கிறது. அதற்குள் மூத்ததைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள், அல்லது டயப்பரை மாற்றிவிடுங்கள். தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். உங்களுக்கும் ஒரு குவளை தண்ணீர். அப்புறம் உட்காருங்கள், முடிந்தால் தரையில், முதுகுக்குச் சுவரைக் கொடுத்து. நாற்காலியில் இருந்தால் மூத்தது உங்கள்மேல் ஏறப் பார்க்கும். தரையில் இருந்தால் பக்கத்தில் வந்து சாய்ந்துகொள்ளும்.

பால் நேரத்துக்கென்றே ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது மட்டும் திறக்கும், முடிந்ததும் மேலே ஏறிவிடும். உள்ளே விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். ஒட்டிப் பிரிக்கும் ஸ்டிக்கர், மூடியோடு வெவ்வேறு அளவு டப்பாக்கள், ஒரு டார்ச் லைட் (பேட்டரி மூடி திருகாணியோடு), நாலைந்து படப்புத்தகங்கள். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பொருளை மாற்றினால் மவுசு குறையாது. புத்தகத்துக்கு உங்கள் ஒரு கையும் வாயும் போதும். பக்கத்தைப் புரட்டும் வேலையை மூத்ததிடம் கொடுத்துவிடுங்கள்.

மூத்ததும் பால் வேண்டும் என்று கேட்டால் திடுக்கிட வேண்டாம், திட்டவும் வேண்டாம். பல பிள்ளைகள் கேட்கும். கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். இரண்டு வயதுவரையும் அதற்குப் பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கொடுக்க விருப்பமில்லையென்றால் மடியில் இடம் கொடுத்தாலே பெரும்பாலும் அந்தப் பேச்சு அடங்கிவிடும். பாட்டில் பால் என்றால், மூத்தது பாட்டிலைப் பிடிக்கட்டும், உங்கள் கையும் அதன்மேல் இருக்கட்டும். பாட்டிலைத் தலையணையில் சாய்த்துவைத்துக் குழந்தையைத் தனியே குடிக்க விடுவது மட்டும் கூடவே கூடாது, புரையேறும்.

திரை? அதே நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம், அதற்குமேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது. மூத்ததுக்கு இரண்டு வயது ஆகிவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தை எல்லாப் பால் வேளைகளுக்கும் துளித்துளியாகப் பங்கிடாமல், நாளின் மிகக் கடினமான ஒரே வேளைக்கு எடுத்துவையுங்கள் என்பேன். ஒவ்வொரு வேளைக்கும் கொடுத்துப் பழக்கினால், சின்னதைக் கையில் எடுத்த உடனே போனைக் கேட்டுக் கை நீளும்.

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போது வேலை ஒருவிதத்தில் குறைகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்து ஊட்டலாம். உப்பும் சர்க்கரையும் சேர்ப்பதற்கு முன்பே சின்னதின் பங்கைத் தனியே எடுத்து மசித்துவிடுங்கள். ஒரு வயதுவரை தேன் கூடாது. பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய்க்கு வழி உண்டு. திராட்சை இருவருக்குமே நீளவாக்கில் நான்காக நறுக்கியது. முழுக் கொட்டைகள் ஐந்து வயதுவரை யார் தட்டிலும் வேண்டாம். மூத்தது தன் தட்டிலிருந்து ஊட்டத்தான் போகிறது. அதனால் தட்டையே சின்னதுக்கும் பாதுகாப்பானதாக வைத்துவிடுவதுதான் சுலபம்.

படி 4: தூக்கம்

2019 வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு இது: மூன்று மாதம்வரை 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம்வரை 12 முதல் 16, ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14, மூன்று நான்கு வயதில் 10 முதல் 13. எல்லாம் பகல் தூக்கமும் சேர்த்து, 24 மணி நேரத்துக்கு.

இரண்டும் சேர்ந்து தூங்கும் ஒரே ஒரு பகல் வேளையைப் பிடிப்பதுதான் நமக்கு வேண்டியது. மூத்ததின் மதியத் தூக்கத்தை அசையாமல் வையுங்கள், சின்னதை அதற்கேற்ப வளையுங்கள். தலைகீழாகச் செய்தால் தோற்பீர்கள். சின்னதின் தூக்கம் மாதத்துக்கு மாதம் மாறும். பச்சைக்குழந்தை ஒரு மணி நேரம் சொச்சம் விழித்திருந்தாலே சோர்ந்துவிடும். ஆறு மாதத்தில் இரண்டு இரண்டரை மணி நேரம் தாங்கும். மூத்தது தூங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சின்னதைக் காலையில் எப்போது எழுப்புவது என்று முடிவு செய்யுங்கள். தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்பார்கள். நன்றாக எடை ஏறிவரும் குழந்தையைப் பத்து இருபது நிமிடம் முன்னால் எழுப்புவதில் தவறில்லை.

தூங்க வைக்கும் வரிசையில் யார் முதலில்? சின்னது கைக்கு அடங்கியதாக இருக்கும்வரை அதைக் கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு மூத்ததைத் தட்டிக் கொடுக்கலாம். குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், மோவாய் மார்பில் அழுந்தக் கூடாது, குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். மூத்தது தூங்கியதும் சின்னதைக் கட்டிலுக்கு மாற்றுங்கள். மதியம் தூங்காத மூத்த பிள்ளையென்றால் அடம் பிடித்துத் தூங்க வைக்கத் தேவையில்லை. அறையை மங்கலாக்கி, புத்தகத்தோடு அரை மணி நேரம் படுத்திருக்கச் சொன்னால் போதும்.

எந்தத் தூக்கமானாலும் ஒரு வயதுவரை மல்லாந்துதான். 1990களில் பல நாடுகள் இதைப் பிரசாரமாகவே எடுத்துச் சென்றபோது தூக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. அதோடு, சின்னதின் கட்டிலில் மூத்ததைச் சேர்த்துப் படுக்க வைக்காதீர்கள். தூக்கத்தில் கை எங்கே விழுகிறது என்று இரண்டு வயதுக்குத் தெரியாது. களைத்துப்போய்ச் சோபாவில் குழந்தையோடு நீங்கள் கண்ணயர்வது இன்னும் ஆபத்து.

இரவில் சின்னது அழுதால் மூத்தது எழுந்துவிடுமோ என்று ஓடி ஓடிப் போகத் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும்.

படி 5: அடி, கடி, பின்னோக்கிப் போவது

கழிப்பறை பழகிய பிள்ளை மறுபடி நனைக்கும். நன்றாகப் பேசியது மழலைக்குத் திரும்பும். தூக்கு தூக்கு என்று காலைக் கட்டும். புதிதாய் ஒரு குழந்தை வந்த வீட்டில் இவை எதிர்பார்க்கக்கூடியவைதான். "நீ பெரியவன் ஆயிட்டே, இப்படிச் செய்யலாமா" என்ற வசனம் வேலைக்கு ஆகாது. பெரியவனாக இருப்பதில் என்ன லாபம் என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான். நனைத்தால் பேசாமல் துடைத்துவிட்டு மாற்றிவிடுங்கள். குழந்தை மாதிரி தூக்கச் சொன்னால் தூக்கி, குழந்தை மாதிரியே கொஞ்சுங்கள்.

அடித்தால் வரிசை இது. கையைப் பிடித்து நிறுத்துங்கள். "அடிக்க விடமாட்டேன்" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். சின்னதைத் தூக்கித் தள்ளி வையுங்கள். பிறகு மூத்ததிடம் வாருங்கள். நீளமான உபதேசம் வேண்டாம். ஒன்றரை வயதுக்கு மூன்றாவது வாக்கியம் போய்ச் சேராது. தொடுவது எப்படி என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். பாதம் தொடலாம், காலில் முத்தம் கொடுக்கலாம், முகம் வேண்டாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் தளராமல் இருக்க வேண்டும்: இரண்டையும் ஒரே அறையில் தனியே விடுவதில்லை. குளியலறைக்குப் போனாலும் ஒன்று உங்களோடு வரும், அல்லது கம்பித் தடுப்புக்குள் இருக்கும்.

தினமும் பத்து நிமிடம் மூத்ததோடு மட்டும் இருங்கள். சின்னது தூங்கும்போதோ வேறொருவர் கையில் இருக்கும்போதோ. என்ன விளையாடுவது என்பது அவர்கள் இஷ்டம். போன் வேறு அறையில். இதைக் கைவிட்ட நாள்களில் சாயங்காலம் எப்படிப் போகிறது என்று நீங்களே பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 6: குளியலும் வெளியே கிளம்புவதும்

இரண்டையும் தினம் குளிப்பாட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை. சின்னதை முகம், கழுத்து மடிப்பு, அடிப்பகுதி மட்டும் துடைத்துவிட்டால் பல நாள் போதும். குளிப்பாட்டும் தண்ணீர் 37 முதல் 38 டிகிரி செல்சியஸ். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும், சத்தமே இல்லாமல். துண்டை மறந்துவிட்டீர்களா? ஈரத்தோடு தூக்கிக்கொண்டே போய் எடுங்கள். "ஒரு நிமிஷம் தம்பியைப் பார்த்துக்கோ" என்று மூத்ததிடம் சொல்லிவிட்டு நகராதீர்கள்.

கிளம்பும்போது பை, செருப்பு, மூத்ததின் உடுப்பு எல்லாம் முடிந்தபின் கடைசியாகச் சின்னதின் டயப்பர். முதலில் மாற்றினால் வாசலில் மறுபடி மாற்ற வேண்டிவரும்.

படி 7: சாயங்காலம்

கைக்குழந்தையின் அழுகை பிறந்து இரண்டு வாரத்திலிருந்து ஏறிக்கொண்டே போய், சுமார் ஆறாவது வாரத்தில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் இறங்கும். பெரும்பாலும் மாலையில்தான் கூடும். மூத்ததுக்குக் களைப்பும் பசியும் அதே நேரம். ஆகவே மாலை ஐந்து மணிக்குமேல் செய்ய வேண்டியவற்றில் தள்ளக்கூடியதையெல்லாம் காலைக்குத் தள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டில் பாதி மதியத் தூக்கத்தின்போதே தயாராகட்டும். மூத்ததுக்குச் சீக்கிரமே ஊட்டிவிடுங்கள். அதன்பின் ஒரு தொட்டித் தண்ணீரும் கிண்ணங்களும் வைத்து, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாட விட்டால் பல நாள் சமாளிக்கலாம். முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள்.

அழுகை நிற்கவே இல்லை, உங்களுக்குக் கை நடுங்குகிறது என்றால், குழந்தையைக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் தள்ளிப் போய் நில்லுங்கள். அழட்டும். குலுக்குவது மட்டும் எந்தக் கோபத்திலும் கூடாது. சில நொடிக் குலுக்கலில் மூளையில் ரத்தம் கசிந்துவிடும்.

படி 8: மூத்தது கொண்டுவரும் சளி

வெளியே போய்வரும் பிள்ளை கிருமியோடுதான் வரும். வந்ததும் கை கழுவும் பழக்கம், முகத்துக்குப் பதில் காலில் முத்தம், இரண்டும் ஓரளவு காக்கும். கக்குவான் இருமல் கைக்குழந்தைக்கு உயிராபத்து என்பதால் மூத்ததின் தடுப்பூசிகள் தள்ளிப்போகக் கூடாது. மூன்று மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி அல்லது அதற்குமேல் போனால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம்.

மருந்து விஷயத்தில் இரண்டு பிள்ளை வீடு கவனமாக இருக்க வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி கொண்டவை அல்ல. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் மிகையாகிவிடும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர் சொன்னபடிதான். புட்டிகளில் பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஒரு தாளில் குறியுங்கள். இல்லையென்றால் அம்மா கொடுத்த மருந்தை அப்பாவும் ஒருமுறை கொடுப்பார்.

படி 9: பெரியவர்கள்

வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் "கொஞ்சம் உதவு" என்ற பேச்சே வேண்டாம். ஆளுக்கு ஒரு வேலையை முழுதாகப் பிரியுங்கள். மூத்ததின் குளியலும் படுக்கையும் ஒருவருடையது என்றால் துண்டு எங்கே, சட்டை எங்கே என்று கேட்காமல் அவரே செய்து முடிப்பது. இரவையும் வெட்டுங்கள்: நள்ளிரவுவரை ஒருவர், அதற்குப் பின் மற்றவர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையென்றாலும் ஏப்பம் விடவைத்து, மாற்றி, கிடத்தும் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். பார்க்க வரும் உறவினர்கள் சின்னதைத்தான் கையில் கேட்பார்கள். மூத்ததை வெளியே ஒரு நடை கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாமல்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. அதற்கு மேலும் துக்கமும் பதற்றமும் நீடித்தால், எதிலும் மனம் ஒட்டாவிட்டால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு, குணமாகும். அப்பாக்களுக்கும் இது வரும்.

படி 10: சின்னது தவழத் தொடங்கியதும்

ஏழெட்டு மாதத்தில் ஏற்பாடுகள் எல்லாம் மாறும். இதுவரை கிடந்த இடத்தில் கிடந்தது, இப்போது மூத்தது அடுக்கிய கட்டைகளை நோக்கி நேராக வரும். பகிர்ந்துகொள் என்று இரண்டு வயதிடம் சொல்வதில் பயனில்லை. அதற்கு இன்னும் வயது வரவில்லை. சின்னதின் கைக்கு எட்டாத உயரத்தில் மூத்ததுக்கு ஒரு மேசை கொடுங்கள், அல்லது விளையாட்டு வேலியைத் திருப்பிப்போட்டு மூத்ததை உள்ளே, சின்னதை வெளியே விடுங்கள். உள்ளே இருப்பவருக்கு அது கோட்டை. கூடவே பறிக்காமல் மாற்றிக் கொடுக்கப் பழக்குங்கள்: தம்பி எதையாவது பிடித்துவிட்டால் பிடுங்காமல், வேறொன்றை அவன் முன்னால் ஆட்டுவது. எட்டு மாதக் குழந்தை பெரும்பாலும் பிடித்ததை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கும். இந்த வித்தையைத் தன் கையாலேயே இரண்டு மூன்று முறை செய்து பார்த்த மூத்த பிள்ளை, அதன்பின் உங்களைக் கூப்பிடுவது குறையும்.